சிப்பி சுருங்கினால் எங்கே பார்ப்பது: கடல் தொட்டிக்காரருக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

கிருஷ்ணகிரியிலிருந்து கடல் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் போக வேண்டும். அப்படியிருந்தும் இந்த மாவட்டத்திலும் தர்மபுரியிலுமாகப் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறோம். ஆளுக்கொரு ஸ்கிம்மர் (நீரின் அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி), ஆளுக்கொரு இன்வெர்ட்டர், மாதந்தோறும் வீட்டில் ஒரு மின்கட்டணச் சண்டை. இவர்களில் ட்ரைடாக்னா என்ற ராட்சதச் சிப்பி வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் “என்ன மருந்து ஊற்றுவது?” என்பதுதான். எதையும் ஊற்ற வேண்டாம். ஊற்றுவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. சிப்பியின் நோய்களில் பாதி தண்ணீரில் இருக்கிறது, கால்வாசி ஓட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மீதியுள்ள உண்மையான நோய்க்கு மருந்தில்லை. அதனால்தான் புதிதாக வாங்கியதை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் சட்டம். ட்ரைடாக்னா மேக்சிமா, ட்ரைடாக்னா ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் ஹிப்போபஸ் மூன்றும் 2001 முதல் நமது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. இந்தக் குடும்பம் முழுவதும், அழிவு அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பிலும் உள்ளது. “லட்சத்தீவுச் சரக்கு, விலை குறைவு” என்று யாராவது சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பண்ணையில் வளர்த்து, ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகளோடு வந்த ட்ரைடாக்னா டெராசா போன்றவற்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு. காகிதம் காட்டாத கடைக்காரரிடம் வாங்கினால் சட்டச் சிக்கல் ஒருபுறம். எந்தக் கடலில் எடுத்தது, எதனோடு கிடந்தது என்றே தெரியாத உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்பது மறுபுறம்.

முதலில் நிழல் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குங்கள். விளக்கு எரியும்போது கையைத் தொட்டிக்கு மேலே சட்டென்று வீசுங்கள். மேலுறை என்று நாம் சொல்லும் அந்த வண்ணச் சதையின் ஓரம் நெடுக, ஊசிமுனை அளவில் நூற்றுக்கணக்கான கண்கள் இருக்கின்றன. நலமான சிப்பி நிழல் பட்டதும் ஒரு நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் மறுபடி விரியும். இழுத்தால் அவகாசம் இருக்கிறது, நிதானமாகக் காரணம் தேடலாம். சோம்பலாக இழுத்தால் இன்றைக்கே தேட வேண்டும். அசையவே இல்லையென்றால் கீழே “வாய் பிளந்து கிடக்கிறது” என்ற பகுதிக்கு நேராகப் போங்கள்.

சுற்றிலும் சுருங்கி, பகல் முழுக்க விரிய மறுக்கிறது

மேலுறை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் ஒட்டுண்ணியைத் தேடாதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். உப்புத்தன்மை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) அளவில், அதாவது அடர்த்தி எண் 1.025 முதல் 1.026 வரை இருக்க வேண்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.எச். (கார்பனேட் கடினத்தின் அலகு), கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., அம்மோனியா பூஜ்ஜியம். அக்னி நட்சத்திர நாட்களில் சில்லர் (நீரைக் குளிரவைக்கும் கருவி) இல்லாதவர்கள் விசிறி வைப்பீர்கள். விசிறி வெப்பத்தைக் குறைக்கும், கூடவே தண்ணீரையும் குடிக்கும். நீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். மாலையில் அளந்து பார்த்தால் 1.028 நிற்கும்.

தர்மபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினமும் ஃபுளோரைடும் எல்லோருக்கும் தெரிந்த கதை. டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,000 காட்டும் நீரை ஆர்.ஓ. வழியாக விட்டாலும் 50 மிச்சமிருக்கும். அதன்பின் அந்த மிச்சத்தையும் எடுக்கும் டி.ஐ. பிசின் குடுவையும் வேண்டும், அளவி பூஜ்ஜியம் காட்ட வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் குளோரினுக்காகக் கரி வடிகட்டியை முன்னால் போடுங்கள். இல்லையென்றால் குளோரின் ஆர்.ஓ. சவ்வைத் தின்றுவிடும், பிறகு தொட்டிக்கும் வரும்.

இனி செம்பு. காவேரிப்பட்டணத்தில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு சிப்பிகளும் பத்து நாளாகச் சுருங்கிக் கிடந்தன. எல்லா அளவுகளும் சரி, செம்புச் சோதனைக் கிட்டும் பூஜ்ஜியம்தான் காட்டியது. ஆனால் கண்ணாடியில் மேய்ந்துகொண்டிருந்த நத்தைகள் ஒன்றுவிடாமல் மணலில் கவிழ்ந்து கிடந்தன. அதுதான் துப்பு. மீனுக்கு ஒன்றும் ஆகாமல் நத்தையும் சிப்பியும் மட்டும் வாடினால் செம்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் செம்பு எங்கிருந்து வருகிறது? மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருடைய அம்மா, ஆவியான நீரை ஈடுகட்ட ஆர்.ஓ. நீரை ஒரு சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். மொண்டது செப்புக் குடத்திலிருந்து. “பிளாஸ்டிக் கேனில் அடைத்த தண்ணீர் உயிருள்ளதற்கு ஆகாதப்பா, அதனால்தான் ராத்திரியே குடத்துக்கு மாற்றிவிடுகிறேன்” என்றார். மனிதர்கள் குடிப்பதற்கு அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் தாது நீங்கிய ஆர்.ஓ. நீர் பசியோடு இருக்கும் நீர். இரவு முழுக்கக் குடத்தில் இருந்தால் உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும், தினமும் ஊற்றினால் தொட்டியில் சேரும். நீரைப் பகுதி பகுதியாக மாற்றி, புதுக் கரியும் உலோகம் உறிஞ்சும் பஞ்சும் போட்டோம். பெரிய சிப்பி மூன்று வாரத்தில் மீண்டது. சின்னது மீளவில்லை. மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்காகச் செம்பு மருந்து ஊற்றிய பழைய தொட்டியும் இதே கணக்குதான். கல்லும் சிலிக்கானும் செம்பை ஏந்தி வைத்திருந்து பின்னால் கக்கும். அந்தத் தொட்டியில் ஒருபோதும் சிப்பியை விடக்கூடாது.

ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருக்கிறது

யாரோ தொல்லை தருகிறார்கள். நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். குட்டை ஏஞ்சல் மீன், வண்ணத்துப்பூச்சி மீன் ஆகியவை மேலுறையைக் கொத்தும். பக்கத்துக் கல்லில் ஐப்டேசியா (களைபோல் பரவும் சிறு கடல் அனிமோன்) முளைத்திருந்தால் அதன் கொட்டும் இழைகள் எட்டுகிற பக்கம் மட்டும் சதை வராது. மேலுறையின் உள்ளே காற்றுக் குமிழிகள் தெரிந்தால் பம்பின் உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று கசிகிறது. நீரில் மிகையாகக் கரைந்த வாயு திசுவுக்குள் குமிழாகிறது. குழாய் இணைப்பைச் சரிசெய்தால் போதும்.

ஓட்டில் அரிசிமணி போல வெள்ளை நத்தைகள்

பிரமிடெல்லிட் நத்தை. நீளம் சில மில்லிமீட்டர்தான், பச்சரிசி நொய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஓட்டின் அடியில், பற்றிழை (சிப்பி கல்லைப் பற்றிக்கொள்ளும் நார்) வெளிவரும் துளையைச் சுற்றி ஒளிந்திருக்கும். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து ஓட்டின் மேல்விளிம்புக்கு ஏறி, நீண்ட மூக்குக் குழலைச் சதையில் செருகி உறிஞ்சும். ஒன்றிரண்டால் பெரிய சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து சென்டிமீட்டர் குட்டியில் முப்பது இருந்தால் சில வாரங்களில் முடிந்துவிடும்.

தொட்டியில் காணும் சின்ன நத்தையெல்லாம் இதுவல்ல. கண்ணாடியில் ஊர்ந்து பாசி மேய்வது நல்ல நத்தை, அதை விட்டுவிடுங்கள். சிப்பியின் விளிம்பில் இரவில் வரிசை கட்டி நிற்பதுதான் திருடன்.

செய்ய வேண்டியது இது. இரவில் டார்ச்சோடு போய், சிப்பியைத் தூக்கி, தொட்டி நீர் நிரப்பிய தனி வாளியில் வையுங்கள். பல்துலக்கும் பிரஷால், பற்பசை தொடாத புதுப் பிரஷால், ஓட்டின் அடிப்பக்கம் முழுவதும் தேயுங்கள். ஸ்குவாமோசா போல ஓட்டில் செதில் அடுக்குகள் உள்ள வகைகளில் ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் பிரஷ் நுனி போக வேண்டும். கண்ணாடி போலத் தெளிந்த பசைத்துளி தெரிந்தால் அது முட்டைக் கூடு, நகத்தால் சுரண்டி எடுங்கள். நத்தையை எடுத்துவிட்டு முட்டையை விட்டதால்தான் பலர் ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் நிற்கிறார்கள். பற்றிழைத் துளைக்குள் மட்டும் பிரஷை விடாதீர்கள், அங்கே இருப்பது சிப்பியின் கால். வாளி நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றவும் வேண்டாம். இதைக் கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் நான் ஊற்றியிருக்கிறேன். சிக்ஸ்லைன் ராஸ் மீன் இந்த நத்தைகளைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அது பகலில் விழித்திருக்கும், நத்தை இரவில் வரும். மீனை நம்பிப் பிரஷைத் தூக்கிப் போடாதீர்கள்.

விளிம்பு கிள்ளி வைத்தது போல மடிந்து நிற்கிறது

சிப்பி விரிகிறது, நிழலுக்கு இழுக்கிறது, ஆனால் மேலுறையின் ஓரம் அங்கங்கே யாரோ இரு விரலால் கிள்ளியது போல உள்வாங்கி நிற்கிறது. தொட்டி வளர்ப்போர் இதற்குக் கிள்ளல் நோய் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒற்றைச் செல் ஒட்டுண்ணி வேலை என்பது பொதுவான கருத்து. நோய் ஒரு சிப்பியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதைக் கண்ணால் பார்க்கலாம். மேக்சிமா, குரோசியா வகைகளில் அதிகம்.

இந்த ஒன்றுக்கு மட்டும் கை வைத்தியம் இருக்கிறது: நன்னீர்க் குளியல். டி.டி.எஸ். பூஜ்ஜியமான நீரைத் தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். சமையல் சோடா ஒரு சிட்டிகை கலந்து பி.எச். தொட்டியோடு ஒத்துவரும்படி செய்யுங்கள். சிப்பியை அதில் 20 முதல் 30 நிமிடம் வைக்க வேண்டும். அது இறுக மூடிக்கொள்ளும், பிறகு கொஞ்சம் திறக்கும், பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள், அரை மணிக்கு மேல் வேண்டாம். திரும்பத் தொட்டியில் விடும்போது நீருக்கடியில் மெல்லச் சாய்த்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் மாற்றம் இல்லையென்றால் இன்னொரு முறை. நிழலுக்கே அசையாத சிப்பிக்கு இந்தக் குளியல் கூடாது, அது தாங்காது.

நிறம் வெளிறுகிறது

மேலுறைக்குள் குடியிருக்கும் பாசிதான் சிப்பிக்குச் சோறு போடுகிறது. அது வெளியேறினால் நடுவிலிருந்து வெளுக்கும். காரணங்கள் மூன்று: வெப்பம் ஏறியது, ஒளி திடீரெனக் கூடியது அல்லது போதாமல் போனது, தொட்டி நீர் அளவுக்கு மீறிச் சுத்தமானது. நைட்ரேட்டைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். சிப்பிக்குக் கொஞ்சம் நைட்ரஜன் வேண்டும்.

வாய் பிளந்து கிடக்கிறது

சிப்பியின் கீல் ஒரு வில் போன்றது, ஓட்டைத் திறக்கவே எப்போதும் தள்ளிக்கொண்டிருக்கும். மூடி வைப்பது உள்ளே இருக்கும் தசையின் வேலை. ஆகவே மூடியிருக்கும் சிப்பி உழைத்துக்கொண்டிருக்கிறது. அகலத் திறந்து, சதை உள்ளே தொங்கி, நீர் உறிஞ்சும் துளை பொந்து போல விரிந்திருந்தால் தசை கைவிட்டுவிட்டது என்று பொருள். அம்மோனியாவை உடனே பாருங்கள். பிறகு சிப்பியைத் தூக்கிப் பற்றிழைத் துளையைப் பாருங்கள். சைமேட்டியம் என்ற வேட்டை நத்தை, குஞ்சாக இருக்கும்போதே அந்த வழியாக உள்ளே போய் உட்கார்ந்து தின்னும். கிடைத்தால் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். கடைக்காரர் கல்லிலிருந்து பிய்த்துக் கொடுத்திருந்தால் காலே கிழிந்திருக்கலாம். பற்றிழையைக் கல்லை ஒட்டிப் பிளேடால் அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கிழிந்த காலோடு வந்த சிப்பி இரண்டு வாரத்துக்குள் போய்விடும், நாமும் நோய் என்று எழுதிக்கொள்வோம்.

ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன

அளவுகள் சரி, நத்தை இல்லை, கிள்ளல் இல்லை. சதை மெலிகிறது, நிழலுக்கு அசைவு குறைகிறது, சில வாரத்தில் ஒன்று, அப்புறம் அடுத்தது. இங்கேதான் பெர்கின்சஸ் என்ற ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். இதில் ஓல்செனி என்ற வகை, உலக விலங்கு நல அமைப்பு அறிவிக்கச் சொல்லும் நோய்களின் பட்டியலில் உள்ளது. ட்ரைடாக்னாக்களிலும் பெர்கின்சஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. நம் தென்கிழக்குக் கரையின் முத்துச்சிப்பிகளிலும் ஓல்செனி பதிவாகியிருக்கிறது. இறந்த சதை நீரில் கரையும்போது கோடிக்கணக்கில் பரவும், இடையில் வேறு உயிர் எதுவும் தேவையில்லை. வெளியிலிருந்து பார்த்து உறுதி செய்ய முடியாது. ஆய்வகத்தில் திசுவைத் தையோகிளைகோலேட் ஊடகத்தில் இருட்டில் சில நாள் வைத்து அயோடின் விட்டால், ஒட்டுண்ணி கருநீல உருண்டைகளாகத் தெரியும். பி.சி.ஆர். செய்தால் வகையும் தெரியும். நம்பத்தக்க மருந்து இல்லை. அந்தத் தொட்டியிலிருந்து எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள்.

இதனால்தான் இரண்டு பழக்கங்களை நான் வெறுக்கிறேன். ஒன்று, மீன் அங்காடியில் வாங்கிய பச்சை மட்டியைத் தொட்டி மீனுக்குத் தீனியாகப் போடுவது. மற்றது, சென்னைக்குப் போகும் வண்டியில் கேன் கொடுத்தனுப்பிக் கடல்நீர் எடுத்துவரச் சொல்வது. உப்புப் பொடி விலை அதிகம்தான், தெரியும்.

சிப்பி நலம், மீன்கள் மேல்தான் உப்புத்தூள்

இதைப் பலர் சிப்பியோடு சேர்த்து யோசிப்பதே இல்லை. கிரிப்டோகேரியான், அதாவது கடல் வெள்ளைப்புள்ளி, சிப்பியைத் தாக்காது. ஆனால் அதன் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் மீனை விட்டு இறங்கி, கடினமான பரப்பு எதிலாவது கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். கடையில் மீனோடு ஒரே நீரில் கிடந்த சிப்பியின் ஓடு அதற்கு நல்ல சுவர். சிப்பியைக் கொண்டுவந்து வைத்த இரண்டாவது வாரம் உங்கள் டேங் மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கத் தொடங்கினால், காரணம் அந்த ஓடாக இருக்கலாம். சிப்பி இருக்கும் தொட்டியில் செம்பு ஊற்ற முடியாது. மீன்களைப் பிடித்து வேறிடத்தில் வைத்தியம் பார்த்து, பெரிய தொட்டியை மீனில்லாமல் ஓடவிட வேண்டும். பவளக் கற்களுக்கு நடுவே மீன் பிடித்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

தனிமைத் தொட்டி

மீனுக்குச் செய்வது போல வெறும் கண்ணாடித் தொட்டியை இருட்டு மூலையில் வைத்தால் சிப்பி பட்டினியால் சாகும், நோய் வரக் காத்திருக்காது. சிப்பியின் தனிமைக்கு முதல் தேவை ஒளி. பெரிய தொட்டியில் கிடைக்கப்போகும் வெளிச்சத்துக்கு நிகராக எல்.இ.டி. வேண்டும், முதல் வாரம் பாதியளவில் தொடங்கி ஏற்றலாம். 60 லிட்டர் போதும். பெரிய தொட்டியின் சம்பில் (கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியில்) ஒரு மாதம் ஊறிய பஞ்சு வடிகட்டி, சின்ன ஓட்டப் பம்பு, சிப்பிக்கு அடியில் உள்ளங்கை அளவு தட்டைக் கல். அது கல்லைப் பற்றிக்கொள்ளும், இடம் மாற்றும்போது கல்லோடு தூக்கலாம். ஓசூர்க்காரர்களுக்கு மார்கழி இரவில் ஹீட்டர் தேவைப்படும், கிருஷ்ணகிரியில் எனக்குத் தேவைப்பட்டதில்லை. கால்சியமும் காரத்தன்மையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து 90 கிலோமீட்டர், தெர்மாகோல் பெட்டியில் வருகிறது. அத்திப்பள்ளி நெரிசலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பையைத் திறந்ததும் வெப்பத்தை ஒப்பிட்டு, சொட்டு சொட்டாக ஒரு மணி நேரம் நீர் கலந்து, பை நீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, ஓட்டைப் பிரஷால் தேய்த்துவிட்டே உள்ளே விட வேண்டும். முதல் வாரம் தினமும் இரவு டார்ச், அதன்பின் வாரம் இரு முறை. ஒவ்வொரு வாரமும் பிரஷ்.

எத்தனை நாள்? நத்தை முட்டை பொரித்து வெளிப்பட ஆறு வாரம் போதும். வெள்ளைப்புள்ளிக் கூடுகளுக்கு மீனில்லாத 76 நாள் என்பது வளர்ப்போர் வழக்கு. வெப்பமான நீரில் 45 போதும் என்பவர்களும் உண்டு. நான் 76 நாளும் வைக்கிறேன், காரணம் மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை. இடையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. வாளி, வலை, குழாய், இடுக்கி எல்லாம் இதற்கென்றே தனியாக இருக்கட்டும். வேலை செய்யும் வரிசை பெரிய தொட்டி முதலில், தனிமைத் தொட்டி கடைசியில், பிறகு கை கழுவல்.

முன்னேற்றத்துக்கு அடையாளம் ஓட்டின் மேல்விளிம்பில் தெரியும் வெள்ளைக் கோடு. புது ஓடு. நக இடுக்கு அளவுக்கு அது வளர்ந்திருந்தால் சிப்பி தின்கிறது, கட்டுகிறது. 76-ஆம் நாள் அந்தக் கோடு இல்லையென்றால் நான் மாற்றுவதில்லை.

செத்துவிட்டால் காலை வரை விடாதீர்கள். ஒரு சிப்பியின் சதை ஓரிரவில் 60 லிட்டரை அழுக வைக்கும். ஏரியிலோ சாக்கடையிலோ எறியாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். தொட்டி நீரில் 10 லிட்டருக்கு 60 மில்லி கணக்கில் 5 சதவீத பிளீச்சிங் திரவம் கலந்து ஒரு மணி நேரம் வைத்தபின் சாக்கடையில் கொட்டுங்கள். தோட்டத்தில் வேண்டாம். வீட்டுப் பின்புறம் நான் ஊற்றிய உப்புநீரில் மூன்று வயது மல்கோவா கன்று ஒன்று கருகியதைப் பற்றி இன்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது.